நாலு நாற்காலி

அலுவலகத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வாசலை மாணவியாக மிதித்ததோடு சரி, அங்கே பாடம் நடத்தியவள் இல்லை. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஏசி விற்கும் ஒரு கம்பெனியின் தொலைபேசிக் கூடத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. துணியெல்லாம் தண்ணீரில் ஊறிக்கிடக்க, கதவு திறக்காத மெஷின் முன்னால் நின்று கத்துகிற ஒருவரை எப்படி அமைதிப்படுத்துவது, எந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பது, எந்த இடத்தில் கேட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகிவிடும் என்பதையெல்லாம் அவளிடம்தான் கற்றுக்கொண்டு போனார்கள்.

அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவர் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. உறவு பிறந்ததே அந்தக் கூடத்தில்தான். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், சில நாள் அவள் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு டீ இடைவேளையில் கேட்டார்.

"கத்துறவன்கிட்டயே இவ்வளவு பொறுமையா பேசுற. என் தம்பி கத்தவே மாட்டான். அவனைக் கட்டிக்கிறியா?"

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். மறுவாரமே வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார். தம்பி ஏசி மெக்கானிக். அக்கா சொன்னது பொய்யில்லை, அவன் கத்தவே மாட்டான். எதற்குமே வாயைத் திறக்க மாட்டான் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. நாத்தனார் எப்போதோ புருஷனை விட்டு வந்தவர். அதே வீட்டில் மாடி அறையில் தனியாக இருந்தார். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போய், மாலையில் ஒரே பஸ்ஸில் வருவார்கள். "நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் இப்படி ஒட்டிக்கிட்டுத் திரியிறது ஊர்லயே எங்கயும் இல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால், "கண்ணு வைக்காதீங்க" என்பார் நாத்தனார்.

மேலாளர் எல்லோரையும் கூடத்தின் நடுவில் கூட்டிய அன்று முதலில் ஒரு ஒலிபெருக்கியைத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். "இனிமே இவங்கதான் போன் எடுக்கப்போறாங்க" என்றார் மேலாளர். ஒரு பெண் குரல் பேசியது. வாடிக்கையாளராக நடித்து மேலாளரே கத்தினார்: "ஃபிரிட்ஜ் வாங்கி ஒரு மாசம் ஆகல, ஐஸே பிடிக்கல!"

"அச்சச்சோ, உள்ள வச்ச சாமான் கெட்டுப்போயிருக்குமே" என்றது அந்தக் குரல்.

கூடமே வெடித்துச் சிரித்தது. அந்த 'அச்சச்சோ' நாத்தனாருடையது. குரல் வேறு. ஆனால் அந்த இழுப்பு, அடுத்த வார்த்தைக்கு முன் விடும் அந்தச் சின்ன மூச்சு, அச்சு அசலாக அவரேதான். பதிவாகியிருந்த பழைய அழைப்புகளிலிருந்து அது கற்றுக்கொண்டிருந்தது. எல்லோரும் திரும்பி நாத்தனாரைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவரும் எழுந்து நின்று கும்பிடு போட்டார்.

கைதட்டல் அடங்கியதும்தான் அதற்கு அர்த்தம் என்ன என்று ஒவ்வொருவருக்கும் உறைக்க ஆரம்பித்தது. மேலாளர் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் அந்தக் கூடத்தில் போன் எடுத்து மேலே வந்தவர்.

"யாரும் பயப்படாதீங்க. மெஷின்ல போட வேண்டியதைப் போட்டாச்சு. அடுத்து உங்க மேலதான் முதலீடு. புதுசா ஒரு பிரிவு வருது. இந்த மெஷின் சரியா பேசுதான்னு பார்க்கணும், எங்க தப்பு பண்ணுதுன்னு கணக்கெடுக்கணும், அதைப் படிச்சுச் சொல்ல ஆள் வேணும். கூடத்துல இருக்கிற எல்லாருக்கும் அங்க இடம் உண்டு. வெளியிலிருந்து யாரையும் எடுக்கப் போறதில்ல. நம்ம டீச்சரே பாடம் நடத்துவாங்க."

அதற்குமுன்பே மேலாளர் டீச்சரைத் தனியாக அழைத்து ஒரு மாதம் வெளியே அனுப்பிப் படிக்க வைத்திருந்தார். அட்டவணை, வரைபடம், இயந்திரம் எப்படிக் கற்கிறது என்ற விளக்கம் எல்லாம் அவளுக்குப் புதிது. புரியப் புரிய, மூடிக்கிடந்த ஒரு அறையில் ஜன்னலைத் திறந்தாற்போல இருந்தது. இதை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று அவள் மனதார நம்பினாள்.

படிக்க விருப்பமில்லாதவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த வாரமே நாத்தனாருக்கு ஒரு வேலை தேடி வந்தது. அவர் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைப் பதிந்து, டோக்கன் கொடுத்து உட்காரவைக்கிற வேலை. அங்கே இருந்த வயதான அம்மா ஓய்வு பெறப் போகிறார், உன் வாய்க்கு இதுதான் சரி என்று டாக்டரே சொன்னாராம்.

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே நாத்தனார் இதைச் சொன்னார்.

"போயிடலாம்னு பாக்குறேன். எனக்கு இந்த வரைபடம், கிரைபடமெல்லாம் ஏறுமா? கணக்குன்னா சின்ன வயசுலயே ஜுரம் வரும்."

"என்ன அண்ணி நீங்க! உங்களுக்கு ஏறலன்னா யாருக்கு ஏறும்? அங்க போய் டோக்கன் கிழிச்சுக் குடுக்கப் போறீங்களா? நாளைக்கு அதையும் ஒரு மெஷின் கிழிக்கும். இது அப்படியில்ல. மெஷினுக்கு மேல உட்காருற வேலை."

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாயிடாதே?" என்று கேட்டுவிட்டு நாத்தனாரே சிரித்தார். "என் விஷயத்துல கைவிடப் புருஷனும் இல்ல, போ."

"நான்தானே அண்ணி நடத்தப் போறேன். என்னை நம்புங்க. உங்களைக் கைப்பிடிச்சுக் கரை சேர்க்கிறது என் பொறுப்பு."

கதவோரம் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பி இரண்டு பேரையும் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல இருந்தது. பிறகு கை கழுவப் போய்விட்டான்.

நாத்தனார் ஆஸ்பத்திரி வேலையை, கூடத்தில் தன்னோடு இருந்த இன்னொருத்திக்கு வாங்கிக்கொடுத்தார். எப்போதும் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கும் அவளைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். "எனக்குப் படிப்பு வராதுக்கா" என்று அழாத குறையாக நின்றவள். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வகுப்பு ஆரம்பமானது. மதியம் வரை போன், அதற்குப் பிறகு பாடம். கூடத்துக்குப் பின்னால், பழைய மேசைகளைப் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்துக் கரும்பலகை மாட்டினார்கள். வகுப்பில் எல்லோரும் வளர்ந்த பிள்ளைகள். ஒருவருக்குத் திரையைப் பார்த்தாலே தூக்கம் வரும். இன்னொருவருக்குத் திருப்பித் திருப்பி ஒரே சந்தேகம் வரும். டை என்று ஒருவர் இருந்தார். போனில் யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் தினமும் கழுத்தில் டை கட்டி வருவார். நல்ல படிப்பாளி. முன் வரிசையில் உட்கார்ந்து, டீச்சர் சொல்வதைத் தலையாட்டிக்கொண்டே எழுதுவார்.

நாத்தனார் கடைசி வரிசை. முதல் மாதம் அவருக்கு நரகம். கம்ப்யூட்டர் சுட்டியைத் தள்ளினால் அம்பு ஒரு பக்கம் போகும், இவர் கண் ஒரு பக்கம் தேடும். தேர்வு வைத்தால் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், இதை வீட்ல குடுத்தா கிழிச்சுப் போடுவாங்களா?" என்பார். வீட்டுக்கு வந்ததும் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்காருவார்கள். தம்பி பாத்திரம் கழுவுவான். நாத்தனார் திட்டிக்கொண்டே படிப்பார். ஆனால் எழுந்து போனதில்லை.

ஒருநாள் வகுப்பில் ஒரு வரைபடத்தைப் போட்டு, இது என்ன சொல்கிறது என்று கேட்டாள் டீச்சர். வாரத்தின் ஒவ்வொரு நாளும் எத்தனை புகார் வருகிறது என்று ஏறி இறங்கும் கோடு. பின்னாலிருந்து நாத்தனார் சொன்னார்: "திங்கக்கிழமை காலையில வர்ற புகார் மெஷின் மேல இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்ல நடந்த சண்டை அது. இங்க பாரு, மதியத்துக்கு மேல தானா இறங்குது. மெஷின் தானா சரியாகுமா?"

வகுப்பு கலகலத்தது. சிரிப்பு ஓய்ந்த பிறகும் நாத்தனார் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் கோட்டைப் படித்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இவ்வளவு நாள் இது என் கண்ணுல படாமலே போச்சே" என்றார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இருவருக்கும் அந்த வருஷத்தில் கிடைத்த நல்ல நாள் அது ஒன்றுதான்.

அதன் பிறகு நாத்தனார் மளமளவென்று மேலே வந்தார். கூடவே சந்தேகமும் வந்தது. வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு: இயந்திரம் பேசிய அழைப்பைக் கேட்டு, எங்கே தவறு, நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று குறிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் குறித்த தவறுகளை இப்போது அது செய்வதில்லை.

"ஏம்மா, நாம இங்க படிக்கிறோமா, இல்ல அதுக்குப் படிச்சுக் குடுக்கிறோமா?"

"ரெண்டும்தான் அண்ணி. அது தேறத் தேற நாமளும் மேல போவோம்."

"மேலன்னா எங்க?"

டீச்சர் ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னோம் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

படிப்பு முடிகிற சமயம் மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் மேசைமேல் டீ ஆறி ஆடை படிந்து கிடந்தது.

"தலைமை அலுவலகத்துல முடிவை மாத்திட்டாங்க. மெஷின் எதிர்பார்த்ததைவிட நல்லா பண்ணுதாம். புதுப் பிரிவுக்கு அவ்வளவு பேர் வேண்டாங்கிறாங்க."

"எவ்வளவு பேர் சார்?"

"நாலு."

"சார், கூடம் முழுக்கப் படிச்சுட்டு நிக்குது. எல்லாருக்கும் இடம்னு நீங்கதானே சொன்னீங்க. அதை நம்பி நான் சொன்னேன்."

"நானும் நம்பித்தாம்மா சொன்னேன்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "படிச்சது வீணாகாது. கையில ஒரு தொழில் இருக்கு, எங்க போனாலும்…"

"எங்க போவாங்க? எல்லாக் கம்பெனியிலயும் இதே குரல்தானே சார் பேசுது?"

அவர் ஆறிய டீயை ஓரமாகத் தள்ளிவைத்தார். "அந்த நாலு பேரை நீங்கதான் சொல்லணும். யாருக்கு நல்லா வருதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நாளைக்குச் சொல்லுங்க."

மூன்று பேரில் அவளுக்குக் குழப்பமே இல்லை. எல்லாத் தேர்விலும் மேலே இருந்தவர்கள். நாலாவது இடம்தான் சிக்கல். டையும் நாத்தனாரும் சமம். டை எழுதியதில் பிழை இருக்காது. நாத்தனார் எழுதியதில் பிழை இருக்கும், ஆனால் டைக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கும். நாத்தனாரை எடுத்தால் தகுதிக் குறைவு என்று எவரும் நிரூபிக்க முடியாது. அதேபோல, சொந்தக்காரியை எடுத்துக்கொண்டாள் என்று பேசுகிற வாயை மூடவும் முடியாது. வெளியே போகப்போகிற அத்தனை பேரும் போகும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டு போவார்கள். இவ்வளவு நாள் அவர்கள் முன்னால் நின்று பேசியதெல்லாம் நாத்தனாருக்கு நாற்காலி போடத்தான் என்று ஆகிவிடும்.

மறுநாள் அவள் டையின் பெயரைச் சொன்னாள்.

அதை வேறு யாரும் சொல்லி நாத்தனார் கேட்கக் கூடாது என்று, அன்று மாலை பஸ்ஸில் ஏறாமல் நடக்கலாம் என்றாள். கடைத்தெரு முடிகிற இடத்தில் சொல்லிவிட்டாள். நாலு இடம்தான் என்பதையும், நாலாவது யார் என்பதையும், தானே சொன்னதையும்.

நாத்தனார் நின்றார். பக்கத்தில் ஒரு கடைக்காரன் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் கேட்டார்.

"டை என்னைவிட நல்லா எழுதினாரா?"

"சமம் அண்ணி."

"சமமா." அவர் மெல்லத் தலையாட்டினார். "அப்ப நான் உனக்கு அண்ணியா இருந்ததுதான் குறையா போச்சு."

"ஊர் என்ன சொல்லும்னு…"

"சரிதான். நீ சரியாத்தான் செஞ்ச." அவர் நடக்க ஆரம்பித்தார்.

வாயே திறக்காத தம்பி அன்று திறந்தான். அக்கா மாடிக்குப் போன பிறகு, சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான்: "ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன்னு சொன்னப்பவே அக்காவை விட்டிருக்கலாம்." அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

கூடம் காலியானது. போன்களைக் கழற்றி அட்டைப் பெட்டிகளில் போட்டார்கள். டை குடும்பத்தோடு வீட்டுக்கே வந்து நன்றி சொன்னார். அவர் மனைவி, "உங்களாலதான்" என்று டீச்சர் கையைப் பிடித்தபோது, நாத்தனார்தான் அவர்களுக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அந்த நாலு நாற்காலியும் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. மெஷின் பேசுவதைச் சரிபார்க்க வேறொரு மெஷின் வந்தது. டை இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை.

டீச்சருக்கு அதற்கு முன்பே சீட்டு கிழிந்துவிட்டது. மற்ற கிளைகளில் பாடம் நடத்த அனுப்புவார்கள் என்று காத்திருந்தாள். "உங்க வகுப்பெல்லாம் அருமையா பதிவாகியிருக்கு. அதையே எல்லா இடத்துலயும் போட்டுக்கிறாங்க" என்றார் மேலாளர். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். இனி யாருக்குப் பாடம், எந்த வேலைக்குப் பாடம் என்று அவள் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து அவரும் அங்கே இல்லை.

நாத்தனார் வேலை தேடினார். படித்து வாங்கிய சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஏறாத படி இல்லை. போகிற இடத்திலெல்லாம் அதைப் பார்த்து, "நல்லா படிச்சிருக்கீங்களே" என்பார்கள். பிறகு வயதைக் கேட்பார்கள். இதையெல்லாம் இப்போது மெஷினே பார்த்துக்கொள்கிறதே என்பார்கள். இரத்த அழுத்தம் ஏறியது. ஒருநாள் தலைசுற்றி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டோக்கன் மேசையில் கண்ணாடி இருந்தாள். நாற்காலியில் ஒரு சின்ன மெத்தை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மேசையில் பிள்ளையின் படம். அங்கே எந்த மெஷினும் வந்திருக்கவில்லை. இவர்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"அக்கா! என்னக்கா இப்படி இளைச்சுட்டீங்க? நீங்க வாங்கிக் குடுத்த வேலைக்கா. உங்க பேரைச் சொல்லித்தான் தினமும் சாப்பிடுறேன். நல்லவேளை, எனக்குப் படிப்பு வரல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாத்தனார் அவள் தோளைத் தட்டி, "கண்ணாடி எங்கடி?" என்று கேட்டார். அது அவள் தலைமேலேயே இருந்தது. டீச்சர் திரும்பி நின்றுகொண்டு, சுவரில் எழுதியிருந்ததை வாசிப்பது போலப் பாவனை செய்தாள்.

மழைக்காலம் முடிந்தபோது நாத்தனாருக்கு ஒரு வேலை அமைந்தது. நகரத்தின் மறு கோடியில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்வது. பிள்ளைகள் வெளிநாட்டில். அங்கேயே தங்க வேண்டும். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது. மாதத்தில் ஒருநாள் வந்து போகலாம்.

"இங்க என்ன அண்ணி குறை? நாங்க இருக்கோமே" என்றாள் டீச்சர். அவளும் அப்போது ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை மடித்துவிட்டு வருகிறவள்தான்.

"இருக்கீங்க. இல்லன்னு யார் சொன்னா?"

காலையில் தம்பி வேலைக்குப் போகுமுன் பெட்டியை மாடியிலிருந்து இறக்கிவைத்தான். அக்காவின் கையில் எதையோ திணித்தான். அவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். பஸ் நிற்கும் இடம் வரை டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த நேரத்தில் அங்கே முன்பெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் அலைமோதும். இப்போது இவர்களைத் தவிர, துடைப்பமும் வாளியும் வைத்துக்கொண்டு ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி."

"ம்."

"ஒரு தடவை என்னைத் திட்டிடுங்க. இவ்வளவு நாள் நீங்க ஒண்ணுமே சொல்லல. என்னால முடியல."

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது ஏதாவது பேசியிருக்கலாம்.

"திட்டினா உனக்கு ஆறிடும்மா. எனக்கு ஆறுமா?"

டீச்சர் அழ ஆரம்பித்தாள். நாத்தனார் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் கை பழையபடிதான் இருந்தது, மெதுவாக, பதமாக.

"நீ பொய் சொல்லல. அது எனக்குத் தெரியும். நீயும் தெரியாமத்தான் சொன்ன. எனக்கு அதுதான் பயமா இருக்கு. தெரிஞ்சவங்கன்னு யாராவது எங்கயாவது இருக்காங்களா?"

பஸ் வந்தது. டீச்சர் பெட்டியை உள்ளே ஏற்றிவிட்டாள். நாத்தனார் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். ஜன்னல் கண்ணாடியைத் தள்ளப் பார்த்தார், அது திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். டீச்சருக்குக் கேட்கவில்லை. "என்ன அண்ணி?" என்று கத்திக்கொண்டே கூட நடந்தாள். அவர் கையை ஆட்டி, ஒன்றுமில்லை, போ என்றார்.

பஸ் போய்விட்டது. துணிக்கடைக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு டீச்சர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கடையை நோக்கி நடந்தாள்.